‘எய்ம் அட்’டா, ‘எய்ம் டு’வா? நோக்கத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

நாய்க்குக் கல் எறிந்தான். நாய்க்குப் பாண் எறிந்தான். எங்கள் மட்டக்களப்பில் இரண்டுக்கும் ஒரே ‘க்கு’தான். அடிக்கிறானா, தீனி போடுகிறானா என்பதைக் கல்லும் பாணுமே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சின்ன உருபுதான் மாறும். கல் என்றால் ‘த்ரோ அட்’, பாண் என்றால் ‘த்ரோ டு’. முதலாவது படவேண்டும் என்று எறிவது, மற்றது போய்ச் சேரவேண்டும் என்று எறிவது. ‘ஷவுட் அட்’ என்றால் ஏசுவது, ‘ஷவுட் டு’ என்றால் எட்ட நிற்பவருக்குக் கேட்கும்படி கூப்பிடுவது. நம்முடைய ‘க்கு’ இரண்டையும் தாங்குவதால்தான் நமக்கு இந்த இடம் தடுக்குகிறது.

இன்னொன்று: ‘அட்’ குறியை மட்டுமே சொல்லும். ‘ஹீ ஷாட் த பேர்ட்’ என்றால் குருவியில் பட்டுவிட்டது. ‘ஹீ ஷாட் அட் த பேர்ட்’ என்றால் குறிபார்த்துச் சுட்டான், அவ்வளவுதான்.

‘எய்ம்’ இதே வழியில் போகிறது. பின்னால் ஆளோ பொருளோ வந்தால் ‘அட்’: ‘எ கோர்ஸ் எய்ம்ட் அட் ஃபிஷர்மென்’. செய்யப்போகும் வேலை வந்தால் ‘டு’: ‘வீ எய்ம் டு ட்ரெய்ன் ஃபிஷர்மென்’. ‘எய்ம் அட் ட்ரெய்னிங்’ என்பதும் சரிதான்.

நான் அதிகம் தவறவிட்டது, ‘இன்ன நோக்கத்தோடு’ என்று சொல்லும் ‘வித் எ வியூ டு’. சுனாமிக்குப் பிறகு, 2006இல், ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட முன்மொழிவுகள் எழுதிக்கொண்டிருந்தேன். ‘வித் எ வியூ டு இம்ப்ரூவ்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தேன். எங்கள் அதிகாரி எல்லாவற்றையும் சிவப்பால் வட்டமிட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, இந்த ‘டு’ வேற ‘டு’. அதுக்குப் பின்னால ஒரு பெயர்ச்சொல்ல வச்சுப் பாருங்க. பொருந்தினா, வினைக்கு ‘இங்’ போடுங்க.”

இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ‘லுக் ஃபோர்வர்ட் டு த மீட்டிங்’ பொருந்துகிறது; ஆகவே ‘லுக் ஃபோர்வர்ட் டு மீட்டிங் யூ’. ‘வான்ட் டு த மீட்டிங்’ பொருந்தாது. ஆகவே ‘வான்ட் டு மீட்’. ‘வித் எ வியூ டு’ முதல் வகை, அதனால் ‘இம்ப்ரூவிங்’. ‘கோயிங் டு’ போன்ற சில இந்தச் சோதனைக்கு அகப்படாது. ‘கோயிங் டு த மார்க்கெட்’ என்பதில் கால் நடக்கிறது, ‘கோயிங் டு மீட்’ என்பதில் எண்ணம் நடக்கிறது.

கடைசியாக ‘ஃபோர்’. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் வேலை விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பதுண்டு. ‘ஐ கேம் ஹியர் ஃபோர் ஸ்டடியிங்’ என்று திரும்பத் திரும்ப வரும். ‘படிக்கிறதுக்காக’ என்று மனதில் ஓடுவதால் வருகிற ‘ஃபோர்’ அது. அதை ‘படிக்க வந்தேன்’ என்று மாற்றி நினைத்துப் பாருங்கள், ‘டு ஸ்டடி’ தானாக வரும். ‘ஃபோர் எ ஜாப்’ போலப் பெயர்ச்சொல் வந்தால் பிழையில்லை. நோக்கத்தைச் சொல்ல ‘ஃபோர்’ உடன் ‘இங்’ சேர்வது பெரும்பாலும் ஒரு பொருள் எதற்கு உதவும் என்று சொல்லும்போதுதான். வாவியில் இறால் பிடிக்கிற வலை ‘எ நெட் ஃபோர் கேச்சிங் ப்ரான்ஸ்’. அந்த வலையோடு தோணியில் போகிறவர் போவது ‘டு கேச் ப்ரான்ஸ்’.