லேப்டாப்பில் வரும் செய்தி சர்வரில் ஏன் காணோம்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஏற்காட்டில் சில காட்டேஜ்களுக்கு அறை புக் செய்யும் வெப் சர்வீஸை ஸ்ப்ரிங் பூட் 3 என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதியிருக்கிறேன். 'அந்தத் தேதிக்கு அறை இல்லை' என்று எக்செப்ஷனில் (கோட் எறியும் பிழையில்) செய்தி போட்டால் லேப்டாப்பில் சரியாக வருகிறது. சர்வரில் ஏற்றினால் 409 (மோதல்) என்ற நிலை எண் மட்டும் வருகிறது, செய்தியைக் காணோம். 'எல்லாவற்றுக்கும் 200 (வெற்றி) அனுப்பி, உள்ளே தோல்வி என்று எழுதிவிடு' என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: உங்கள் கோடில் தப்பில்லை. 2020-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து, எக்செப்ஷனின் செய்தியை ஸ்ப்ரிங் பூட் தானாக வெளியே காட்டுவதில்லை. லேப்டாப்பில் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் டெவ்டூல்ஸ் என்ற, கோட் எழுதும்போது உதவும் துணைக் கருவி. அது அந்தத் தடையை நீக்கி வைத்துவிடும். சர்வரில் ஏற்றுவதற்கான ஜார் கோப்பாகக் கட்டி ஓட்டும்போது டெவ்டூல்ஸ் ஒதுங்கிக்கொள்ளும், தடை மறுபடி வந்துவிடும்.

'சர்வர்.எரர்.இன்க்ளூட்-மெசேஜ்' என்பதை 'ஆல்வேஸ்' என்று மாற்றினால் செய்தி வந்துவிடும். தேடினால் முதலில் கிடைக்கும் பதிலும் இதுதான். நான் செய்யமாட்டேன். நீங்கள் எழுதிய செய்தியோடு நீங்கள் எழுதாததும் சேர்ந்து போகும். டேட்டாபேஸ் மக்கர் செய்தால் டேபிள் பெயர், எஸ்க்யூஎல் வரி எல்லாம் அறை தேடுகிறவரின் போனில் போய் நிற்கும்.

அதைவிட, அறை இல்லை என்பதற்குச் சொந்தமாக ஒரு எக்செப்ஷன் எழுதுங்கள். பிழைகளை ஒரே இடத்தில் பிடிக்கும் 'ரெஸ்ட் கன்ட்ரோலர் அட்வைஸ்' வகுப்பில் அதைப் பிடித்து, 'ப்ராப்ளம் டீடெய்ல்' என்ற பிழை விவரமாகத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் பதிப்பிலேயே அந்த வகுப்பு இருக்கிறது. அந்த விவரத்தின் வடிவம் ஸ்ப்ரிங்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 2016-இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 7807 ஆக வந்து, 2023-இல் 9457 ஆகப் புதுப்பிக்கப்பட்ட பொது வழக்கம். கூடுதலாக நம் புலங்களையும் சேர்க்கலாம் என்பதால், மாறாத ஒரு குறியீட்டையும் வையுங்கள். ஆப் அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாக்கியத்தை நாளைக்கே நீங்கள் மாற்றி எழுதுவீர்கள்.

நீங்கள் எதிர்பாராத மற்ற எல்லா எக்செப்ஷனுக்கும் 500 (சர்வர் பிழை), பொதுவான ஒரு வரி, ஒரு புகார் எண். அதே எண் லாகிலும் இருக்கட்டும். காட்டேஜ்காரர் போன் செய்யும்போது தேட வேண்டியது அதைத்தான்.

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். கண்காணிப்புக் கருவி, கேஷ், மறுமுயற்சி செய்யும் நூலகம் எல்லாம் நிலை எண்ணைத்தான் பார்க்கின்றன. 200 என்றால் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சிக்னல் போகிறது. புக்கிங் பதிவாகிவிட்டது, பதில் மட்டும் போனுக்கு வரவில்லை. அறை புக் செய்தவர் மறுபடி அழுத்துகிறார். சர்வர் 'அறை இல்லை' என்கிறது. அந்த அறையை எடுத்தவர் அவரேதான்! இதற்குச் செய்தியை எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஆப் ஒரு தனி எண்ணை உருவாக்கி அனுப்ப வேண்டும். அதே எண் திரும்ப வந்தால் சர்வர் முதலில் கொடுத்த பதிலையே கொடுக்க வேண்டும்.

அப்புறம், இதையெல்லாம் ஐடிஇ-யில் (கோட் எழுதும் மென்பொருளில்) ஓட்டிச் சோதிக்காதீர்கள். ஜார் கட்டி ஓட்டி, கர்ல் (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) போட்டுப் பாருங்கள்.