துறைகளை எண்ணினால் போதுமா?

கேள்வி: வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். மட்டக்களப்பு வாவி பற்றி விலங்கியல், விவசாய இரசாயனம், பொருளியல் ஆகிய துறைகள் மூன்று வருடம் சேர்ந்து செய்த ஆய்வு எந்தளவுக்குத் துறைகளை இணைத்திருக்கிறது என்று அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையாளர்கள் எத்தனை துறையைச் சேர்ந்தவர்கள் என்று எண்ணிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பெயர்ப்பட்டியலில் யார் சேர்ந்தார்கள் என்பது மட்டும்தான் இருக்கும். அறிவு கலந்ததா என்பதை உசாத்துணைப் பட்டியல்தான் சொல்லும்.

ஒவ்வொரு கட்டுரையின் உசாத்துணைகளையும் எக்செலில் இட்டு, எதிரே அந்தச் சஞ்சிகையின் துறையை எழுதுங்கள். ஒரு சஞ்சிகை இரண்டு துறைக்குள் வந்தால் பாதி பாதியாகப் பிரியுங்கள். அடுத்தது ராவோ-ஸ்டேர்லிங் சுட்டி, அதாவது வேறுபட்ட துறைகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதை ஒரே எண்ணாகத் தரும் கணக்கு. இரு துறைகளின் பங்குகளைப் பெருக்கி, அவற்றுக்கிடையிலான தூரத்தாலும் பெருக்கி, எல்லாச் சோடிகளையும் கூட்ட வேண்டும். தூரம் என்பது இரு துறைகள் எவ்வளவு வேறுபட்டவை என்பதுதான்; அது 0 முதல் 1 வரை வரும். எந்தத் துறை எந்தத் துறையை எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறது என்ற அட்டவணையில், இரு துறைகளின் மேற்கோள் போக்கு எவ்வளவு ஒத்தது என்று காட்டும் கோசைன் ஒப்புமையைக் கண்டு 1இலிருந்து கழித்தால் கிடைக்கும்.

ஒரு கட்டுரையில் 40 உசாத்துணைகள் என்று வையுங்கள்: மீன்பிடியியல் 20, நீர் இரசாயனம் 12, பொருளியல் 8. பங்குகள் 0.5, 0.3, 0.2. தூரங்கள் உதாரணத்துக்கு: மீன்-இரசாயனம் 0.4, மீன்-பொருளியல் 0.9, இரசாயனம்-பொருளியல் 0.8. அப்போது 0.06 + 0.09 + 0.048 = 0.198. வெறும் 8 பொருளியல் உசாத்துணைகள்தான் இதில் பெரும்பங்கைத் தருகின்றன. இன்னொரு கட்டுரையில் மீன்பிடியியல் 20, நீர்வாழ் உயிரியல் 20, தூரம் 0.2 என்றால் 0.05தான். அதை எழுதியவர்கள் நான்கு துறைக்காரர்களாக இருந்தாலும் இந்த எண் ஏறாது.

அதிகம் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. சிலர் ஒவ்வொரு சோடியையும் இரு திசையிலும் எண்ணுவார்கள். அப்போது முதல் கட்டுரைக்கு 0.396 வரும். எந்த முறை என்று எழுதாமல் பிறருடைய எண்ணோடு ஒப்பிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும். ‘பல்துறை’ என்று வகைப்படுத்திய பொதுச் சஞ்சிகைகளைத் தனித் துறையாக எண்ணாதீர்கள். கட்டுரையைத் திறந்து பார்த்துத் துறையைக் குறியுங்கள். தமிழ்க் கட்டுரைகள், திணைக்கள அறிக்கைகள், நூல்கள் பெரும்பாலும் சர்வதேசத் தரவுத்தளத்தில் அகப்படாது. வாவி ஆய்வில் அவற்றைத் தள்ளிவிட்டால் உள்ளூர் அறிவே கணக்கிலிருந்து போய்விடும். கையால் வகைப்படுத்துங்கள், வகைப்படுத்த முடியாதவை எத்தனை வீதம் என்பதையும் எழுதுங்கள்.

சுட்டி எவ்வளவு கலந்தது என்று சொல்லுமே தவிர, நன்றாகக் கலந்ததா என்று சொல்லாது. அதற்குக் கட்டுரையை வாசிக்கத்தான் வேண்டும். இரசாயனவியலாளர் அளந்த நைத்திரேற்று அளவு, மீனவர் வருமானம் பற்றிய பொருளியல் கணக்கில் ஒரு மாறியாக நுழைந்திருக்கிறதா? இல்லை, தனித்தனி அத்தியாயங்களாக ஒட்டிவைத்திருக்கிறார்களா? எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் என்று குறித்துக் கொடுங்கள்.

அறிக்கையைப் பரிசீலிப்பவர் ஒரே துறைக்காரராக இருந்தால் தன் துறைப் பகுதியின் ஆழத்தை மட்டும் அளப்பார். அவுஸ்திரேலிய ஆராய்ச்சிப் பேரவைக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, துறைகளை அதிகம் இணைத்தவற்றுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று காட்டியது. ஆகவே மூன்று துறையிலிருந்தும் ஒவ்வொருவரையும், இணைப்பாய்வு செய்து பழகிய ஒருவரையும் கேளுங்கள். மேற்கோள் எண்ணிக்கையை இப்போதே தீர்ப்பாக வைக்காதீர்கள். தூரத் துறைகளை இணைக்கும் கட்டுரைகளுக்கு மேற்கோள் பெரும்பாலும் தாமதமாகத்தான் சேரும்.