வள்ளல்கள் இருக்கும்போது வரி எதற்கு?

அன்புள்ள ஐயா,

தொழில்நுட்ப முதலாளிகளிடம் சொத்து குவிவதை வரியாலும் சட்டத்தாலும் தடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் காரைக்குடிக்காரன். எங்கள் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில் படித்து, இன்று பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். சம்பாதித்தவர்கள் மனமுவந்து கொடுக்கும்போது வரி, சட்டம் என்று ஏன் அவர்களை நெருக்க வேண்டும்?

காரைக்குடி வாசகர்

அன்புள்ள தம்பி,

அழகப்பர் மீது உங்களுக்குள்ள பெருமை எனக்கும் உண்டு. வானம் பார்த்த பூமியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். ஐம்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்த ஒரு மனிதர் அத்தனை கொடுத்திருக்கிறார். விப்ரோ பங்குகளின் பெரும்பகுதியை அறக்கட்டளைக்கு ஒதுக்கிய அசிம் பிரேம்ஜியையும் அப்படியே மதிக்கிறேன்.

ஆனால் செட்டிநாட்டுக் கதையைக் காரைக்குடியில் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். பர்மாவில் நின்றும் பார்க்க வேண்டும். ‘கொண்டு விற்க’ என்று கடல் கடந்து வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகர்கள், நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் வட்டிக்கடைக்குப் போய்விட்டது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். யாரும் திட்டமிடாமலே இவ்வளவு நடந்திருக்கிறது. அந்தத் தொழிலில் விளைந்த ஊருணியும் பாடசாலையும் கோயில் திருப்பணியும் பெரும்பாலும் நம் பக்கம் வந்தன. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அதில் என்ன பங்கு?

இதனால்தான் கொடை மட்டும் போதாது என்கிறேன். யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார். உழைத்தவர் அந்தக் கணக்கில் வராமலே போகலாம்.

இந்தியாவின் மொத்தச் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருக்கிறது. இது 2022-23க்கான உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீடு. இங்கே வாரிசுச் சொத்து வரி 1985இல் போனது. பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் போட்ட செல்வ வரியை 2015 பட்ஜெட் எடுத்துவிட்டது. நெருக்குகிறோம் என்கிறீர்களே தம்பி, எங்கே நெருக்குகிறோம்? செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தங்கள் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்குத் தர வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. வெயிலில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் பையனுக்கு பி.எஃப். கிடையாது, பெயர் மட்டும் 'பார்ட்னர்'. அவனுக்கு இதைத் தருவது தருமம் ஆகாது. அது அவனுக்குச் சேர வேண்டிய பாக்கி.

உங்கள் ஊர் வழக்கத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. வட்டிக்கடைப் பேரேட்டில் மகமைக்கு, அதாவது பொதுக்காரியத்துக்கென்று எடுத்து வைக்கும் தொகைக்கு, தனிக் கணக்கு உண்டு. முதலாளியின் அன்றைய மனநிலையைப் பார்த்து எழுதிய தொகை இல்லை அது. கடையை நடத்திய மேலாளுக்கு, மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது சம்பளம் போக லாபத்திலும் ஒரு பங்கு கிடைத்தது. இன்றைய கம்பெனிகளும் உங்களைப் போன்ற பொறியாளர்களுக்குப் பங்கு தருகின்றன, நல்ல விஷயம்தான். அப்புறம் ஏன் அது உங்களோடு நின்றுவிடுகிறது? அடுத்த முறை உங்கள் கம்பெனியில் பங்கு ஒதுக்கும்போது, இரவுக் காவலாளியும் துப்புரவு செய்யும் அம்மாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.