தடைக்காலத்துச் சண்டை

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் விஜய் ரசிகர். பகல் முழுக்க போனில் அஜித் ரசிகர்களோடு மல்லுக்கட்டுகிறார். என்ன செய்வது அக்கா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் சும்மா இருக்கும் மனிதர், வேறென்ன செய்வார்? போனைப் பிடுங்காதீர்கள் தங்கச்சி, அது பெரிய சண்டையாகிவிடும். திட்டிய பதிவுக்கு இவர் பதில் போடப் போட, அது இன்னும் நாலு பேர் கண்ணில் படும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எதிர்த்தரப்பு வீடியோவுக்கு டிஸ்லைக் குத்தினாலும், அந்த எண்ணிக்கையை யூடியூப் 2021-லேயே மறைத்துவிட்டது. அந்தக் குத்தும் ஊருக்குத் தெரியாது.

மண்டபத்தில் என் கொழுந்தனாரும் இப்படித்தான். முதல் நாள் வசூலுக்காக நள்ளிரவுவரை வாதாடுவார். (அந்த வசூலில் இவருக்கு ஒரு கிலோ நண்டுக்காசுகூட வராது.) முகத்துக்குப் பதில் சிங்கப் படத்தை வைத்திருந்த எதிராளி யாரென்று பார்த்தால், தங்கச்சிமடத்துப் பையன். இவரிடமே ஐஸ் வாங்குகிறவன்! மறுநாள் கடனுக்கு ஐஸ் கேட்டு வந்து நின்றான். கொடுத்தார், வேறு வழி?

பிளாக் வேண்டாம், பயந்து ஓடிவிட்டான் என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். எக்ஸ் தளமென்றால் மியூட் செய்யச் சொல்லிக்கொடுங்கள். எதிராளிக்குத் தெரியவே தெரியாது, பாவம், தனியாகக் கத்திக்கொண்டிருப்பான்.