மிஞ்சும் சோற்றுப் பார்சலும் பன்னிரண்டரை மணி வரிசையும்

கொழும்பு வெள்ளவத்தைக் கடையில் காலையிலேயே 120 பார்சல் கட்டிவிடுகிறோம், இரண்டரைக்கு 20, 25 மிஞ்சுகிறது, ஆனாலும் பன்னிரண்டரைக்கு வரிசை நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொட்டாஞ்சேனையில் எனக்கும் இதே கதைதான்.

கட்டிய பார்சலை ஒன்றும் செய்ய முடியாது. சோறு வேறு, கறி வேறாக இருந்தால் வழி உண்டு. முதலில் 70 மட்டும் கட்டுங்கள். மிச்ச அரிசியை அளந்து வைத்துவிட்டு, 11.45க்கு எத்தனை போயிருக்கிறது என்று பார்த்து உலையில் போடுங்கள். டொயோட்டா கார் கம்பனியின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ, வேலையில் வரும் வீண்விரயங்களை 7 வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்வதுதான் அதில் படுமோசம் என்றார். சோற்றுக்கடைக்கும் அதேதான்.

மிஞ்சியதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மழையா, வெள்ளியா, போயாவா (பௌர்ணமி விடுமுறையா) என்றும் பக்கத்தில் குறியுங்கள். போயாவன்று கந்தோர் (அலுவலக) ஆட்கள் வரமாட்டார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் வெள்ளியில் போயா விழுந்தால் வியாழன் மத்தியானமே சனம் ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. கொப்பியைப் பார்த்துத்தான் எனக்கு அது விளங்கியது.

வரிசைக்கு உடனே ஆள் எடுக்காதீர்கள். ஒரு மத்தியானம் மூலையில் நின்று பாருங்கள். எங்கள் பையன் ஒவ்வொரு பார்சலுக்கும் சம்பல் எடுக்க அடுப்படியைச் சுற்றிக்கொண்டு பிரிட்ஜ் வரை போய் வந்தான். சின்னச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மேசைக்கே கொண்டுவந்தோம், அவ்வளவுதான். (தேங்காய்ச் சம்பல், நிறைய வெளியே வைத்தால் புளித்துவிடும்.)

சரி, மிஞ்சுவது மரக்கறியா, மீனா? அதை எழுதவில்லையே.