பசையோடு பெயின்ட்டும் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: என் கார் கதவுகளில் ஒட்டியிருந்த பீடிங்கை (பக்கவாட்டுப் பட்டையை) கழற்றியபோது டபுள் சைடு டேப்பின் பசை அப்படியே தங்கி, காய்ந்து இறுகிவிட்டது. முன்கதவில் நானே பிளேடால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். தின்னர் போட்டுத் துடைத்து, மெஷினில் எமரி டிஸ்க் (சொரசொரப்பான தேய்ப்பு வட்டு) மாட்டித் தேய்த்திருக்கிறார்கள். பசை போய்விட்டது. கூடவே மூன்று பேனல்களில் பளபளப்பும் போய், பின்கதவின் விளிம்பில் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் பிரைமர் பூச்சு தெரிகிறது. கேட்டால், "காய்ந்த பசைக்கு வேறு வழி கிடையாது. ஜாப் கார்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள். கூலி கொடுத்தால்தான் வண்டியாம். என்ன செய்வது?

பதில்: முதலில் வண்டியை வெளியே எடுங்கள். ஒரு பொருளில் உழைப்பைச் செலுத்தியவர், கூலி வரும்வரை அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 170-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப வேலை நடந்திருந்தால்தான் அந்த உரிமை. இங்கே அது நடந்ததா என்பதே தகராறு. ஆனால் அந்த வாதத்தை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று ஜெயிக்க முடியாது. "பெயின்ட் சேதம் குறித்த என் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லின் இரு நகல்களிலும் எழுதிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எழுத விடவில்லையா, அதே வரியை அந்த நிமிடமே அவர்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 'வேலை திருப்தி' என்று நீட்டும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, பாலிஷ் கூடாது, டச்சப் கூடாது. மனசு கேட்காமல் மறுநாளே பெயின்ட் அடித்துவிட்டு, பிறகு வழக்குப் போட வருகிறவர்கள் நிறைய. சேதம் மறைந்தபின் எதைக் காட்டுவது? சாய்வான வெயிலில் ஒவ்வொரு பேனலையும் தொலைவிலும் அருகிலும் படம் எடுங்கள். பிறகு வேறொரு பெயின்டிங் ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரை வைத்து அளந்து, எழுத்தில் வாங்குங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலான கார்களில் மொத்தமே சுமார் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். தொடப்படாத பேனலின் அளவையும் தேய்த்த பேனலின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எவ்வளவு அரைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணே சொல்லிவிடும்.

'வேறு வழி கிடையாது' என்பது உண்மையல்ல. இந்த டேப் பசை சூட்டில் இளகும். ஹீட் கன்னை அளவாகக் காட்டி, மீன்பிடி நரம்பால் அறுத்து, மீதியைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் தள்ளுவார்கள். கடைசிப் படலத்துக்கு இதற்கென்றே ரப்பர் வீல் இருக்கிறது. பசை நீக்கும் திரவமானாலும் முதலில் கண்ணில் படாத இடத்தில் சோதிப்பது வழக்கம். கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசையாக இருந்தால் நானே அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பேன். அது இறுகிவிட்டால் பெயின்ட்டைத் தொடாமல் கரைக்கும் திரவம் கிடைப்பது அரிது. அப்போதுகூட, "இதை எடுத்தால் பெயின்ட் போகும், சம்மதமா?" என்று நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். உங்களைக் கேட்கவே இல்லை. உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு போன் அழைப்பு வராததில்தான் இருக்கிறது.

ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு. உங்கள் வண்டி அவர்கள் கையில் இருந்தபோது என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே கவனத்தோடு செய்தோம் என்று காட்டும் பொறுப்பும் அவர்களுடையது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்ற அச்சடித்த வரி, கவனமாகச் செய்தும் தவிர்க்க முடியாத சேதத்துக்குப் பொருந்தலாம். அலட்சியத்துக்கும் சேர்த்து அதை மன்னிப்புச் சீட்டாக நுகர்வோர் ஆணையங்கள் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

பிளேடு விஷயத்தை மறைக்காதீர்கள். அவர்களுக்கு அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே சொல்லிவிடுங்கள். பிளேடு விழுந்தால் மெல்லிய நேர்க்கீறல். தின்னரும் எமரியும் விட்டுப்போவது பரவலான மங்கலும் வட்ட வட்டமான தேய்மானமும். பார்த்தாலே பிரித்துச் சொல்லலாம். முன்கதவுக்கான தொகையில் ஒரு பகுதியை நீங்கள் இழக்கலாம், அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்ற இரண்டு பேனலுக்கும் சந்தேகம் விழும்.

ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 'சேவைக் குறைபாடு' என்று மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். ஒர்க்‌ஷாப் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு. வக்கீல் கட்டாயமில்லை. வண்டி வாணிப நோக்கத்துக்கானது என்றால் 'நுகர்வோர்' என்ற நிலையே கேள்விக்குள்ளாகும். நீங்களே ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை டாக்ஸி என்றால் கவலை வேண்டாம். முழு வண்டிக்கும் பெயின்ட் கேட்காதீர்கள். மூன்று பேனலுக்கும், நிறம் ஒத்துப்போக அருகில் கலந்தடிக்கும் பகுதிக்கும் இரண்டு இடங்களில் மதிப்பீடு வாங்கி, அதோடு கொடுத்த கூலியையும் மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகையையும் கேளுங்கள்.

நோட்டீஸ் போனதும், "கொண்டு வாருங்கள், இலவசமாக அடித்துத் தருகிறோம்" என்பார்கள். அதே கையில் மறுபடி கொடுக்க நான் சொல்லமாட்டேன். அவர்கள் செலவில் வேறு இடத்தில் அடிக்கச் சம்மதித்தால் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பார்த்த பிறகு தீர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.