ரெய்னி லேக் ஹவுஸ்போட்டுக்கு சின்ன போட்டும் வேணுமா?

கண்டிப்பா வேணுங்க. அமெரிக்காவோட மினசோட்டாவுக்கும் கனடாவுக்கும் நடுவுல இருக்கற இந்த ஏரியில, ஜூலைல ஹவுஸ்போட்ல உக்காந்தே வால்ஐ (walleye) மீன் புடிச்சிடலாமான்னு கேட்டிருக்கீங்க, கஷ்டம்தான், ஏன்னா அந்த மாசம் மீன் பெரும்பாலும் 20-30 அடி ஆழத்துல பாறைத் திட்டுங்கள்ல கெடக்கும், ஹவுஸ்போட்டோ தகரக் கொட்டாய் மாதிரி, லேசா காத்தடிச்சாலே பக்கவாட்டுல தள்ளிட்டுப் போயிடும். அதோட முன்பக்க மூக்கை மணல்ல ஏத்தி, பின்னாடி ரெண்டு மூலையிலேர்ந்தும் கயிறு இழுத்து கரையில மரத்துல கட்டிட்டு, 16 அடி போட்ல போய் புடிங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி, சின்ன போட்டைக் கட்டி இழுக்க விடுவாங்களா, பெட்ரோல் தனியான்னு கேட்டுடுங்க. ஏரியோட ஒரு பகுதி வொயேஜர்ஸ் நேஷனல் பார்க்ல வருது, அதுக்குள்ள ராத்திரி தங்க பெர்மிட்டும் எடுக்கணும்.

ஒண்ணு மட்டும், பார்டர் ஏரிக்கு உள்ளயே போகுது, கோடெல்லாம் ஒண்ணும் தெரியாது. மினசோட்டா லைசென்ஸ் கனடா பக்கம் செல்லாது, அங்க தூண்டில் போட ஒன்டாரியோ மாகாண லைசென்ஸ் வேணும்.